முதலில் கேட்பான், அப்புறம் சொல்வான்: ரங்கூன் டீக்கடைப் பெரியவர் பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், ‘பக்தி முற்றினால் புத்தி மழுங்குமா?’ என்று கேட்டிருந்தார். ‘மழுங்காது, ஆனால் அந்தப் பக்தியைப் பிடித்து இழுக்க ஆள் வரும்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இந்த மாதத் தபாலில் பாதிக்குப் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியே வந்திருக்கிறது. சரி, இந்த இதழ் முழுவதும் அதுவே ஆகட்டும். ஊறுகாய், மூட்டுவலி, மருமகள் பிரச்சினையெல்லாம் அடுத்த மாதம்.

கேள்வி: என் மாமியார் தக்காளிக்குக்கூடப் பேரம் பேசாமல் வாங்க மாட்டார். போன மாதம் காவி கட்டிய ஒருவர் வந்து, எங்கள் குடும்பத்தில் நடந்ததையெல்லாம் புட்டுப் புட்டு வைத்து, குலதெய்வத்துக்கு ஒரு குறை இருக்கிறது என்று சொல்லி, பூஜையில் வைக்கக் கழுத்துச் சங்கிலியை வாங்கிக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. இவ்வளவு கெட்டிக்காரி எப்படி ஏமாந்தார்? வீட்டில் எல்லோரும் திட்டித் தீர்க்கிறோம். — ஒரு மருமகள், பெகு

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள் மகளே. அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்லாமலே கொடுத்துவிடுவார்.

இந்த மாதிரி ஆட்களை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் கடை பிரேசர் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது; இப்போது மகன் நடத்துகிறான், நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். ஒரு நாள் காலையில் அப்படி ஒருவர் வந்து மூலை மேசையைப் பிடித்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் துணிப்பை. ஒரே ஒரு பால் டீ வாங்கினார். எங்கள் ஊர் டீக்கடையில் வெறும் தேயிலைத் தண்ணீர் ஃபிளாஸ்க்கில் சும்மா வைத்திருப்போம். அதை ஊற்றி ஊற்றிக் குடித்தபடி நெடுநேரம் இருந்தார். பேசியது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். ‘எதிர் மாடியில் வேப்பிலை செருகியிருக்கிறதே, யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா?’ என்று என் கடைப் பையனிடம் விசாரித்தார். பையன் கேட்டதற்கும் சொன்னான், கேட்காததற்கும் சொன்னான். மூத்த மகனுக்கு மலேசியாவில் வேலை போய்விட்டது, சின்னவளுக்கு வரன் வந்து வந்து தட்டிப்போகிறது, வீட்டுப் பாட்டி ஆடி மாதம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவர். எல்லாம் ஒரு டீ விலைக்கு.

அப்புறம் அவர் எதிர்ப் படியேறினார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டம்மா கைகூப்பியபடி வாசல் வரை வந்து அவரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். ‘கடல் கடந்து போன பிள்ளை கலங்கி நிற்கிறான், ஆத்தா மனசு குளிரவில்லை’ என்று சொன்னாராம். என் கடையில் பையன் கொடுத்த சங்கதிதான், விபூதி பூசிக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறது.

வீட்டுக்குள்ளும் நடப்பது விசாரணைதான், விசாரணை மாதிரி இருக்காது, அவ்வளவே. ‘இந்த வீட்டில் வயிற்றில் நோவு உள்ள ஒருவர்...’ என்று இழுத்துவிட்டு நிறுத்துவார்கள். அப்படி யாராவது இருந்தால் ‘ஆமாம் சாமி, அவருக்குத்தான்’ என்று பெயர், வயது, எந்த ஆஸ்பத்திரி என்பது வரை நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். இல்லையென்றால் ‘இனிமேல் வரப் பார்க்கிறது, கவனம்’ என்பார்கள். இரண்டு வழியிலும் அவர்களுக்குச் சேதாரம் கிடையாது. மறுநாள் நாம் பக்கத்து வீட்டில் சொல்லும்போது, நாம் எடுத்துக் கொடுத்ததெல்லாம் அவராகவே சொன்னதாகிவிடும்.

இப்போது தக்காளிக்கு வருவோம். தக்காளிக்காரியை உங்கள் மாமியார் சந்தேகப்பட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காவி கட்டியவனைச் சந்தேகப்பட்டால், இத்தனை வருஷம் இருந்த விரதத்துக்கும் சுமந்த பால்குடத்துக்கும் என்ன அர்த்தம் என்று ஆகிவிடும். கேட்டுப் பாருங்கள்: ‘நம்பிக்கை இல்லையென்றால் வேண்டாம் தாயே, நான் போகிறேன்’ என்று ஒரு கட்டத்தில் அவன் பையைத் தூக்கியிருப்பான். நம்பிக்கையே வாழ்க்கையாக இருந்த ஒருத்தியிடம் போய் ‘உனக்கு நம்பிக்கை இல்லை’ என்றால் அவர் எதைத்தான் கழற்ற மாட்டார்? என்னை மாதிரி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சாமி கும்பிடுகிறவன் ‘நல்லது, போய் வாருங்கள்’ என்றிருப்பேன். அவர் என்னைவிட உறுதியாக நம்புகிறவர், அதனால் அவரிடம் அவனுக்கு வேலை சுலபம். எதையும் புதிதாக நம்பவைக்க வேண்டிய சிரமமே அவனுக்கு இல்லை. அவர் ஏற்கெனவே நம்புவது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டான், அதன் குரலில் பேசினான்.

ஆகவே அவரிடம் சாமியைப் பற்றி வாதம் பண்ணாதீர்கள். பண்ணினால் அவர் குலதெய்வத்தின் பக்கம் நிற்பார், நீங்கள் எதிர்ப்பக்கம் நிற்பீர்கள், அவன் நடுவில் தப்பித்துப் போவான். ‘சங்கிலியைக் கேட்டது சாமியா, அந்த ஆளா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் அவனுடைய அடையாளத்தைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பூஜைக்கு வருகிறவர்களிடம் அறிவிக்கச் சொல்லுங்கள். அவன் பெகுவை விட்டு இன்னும் போயிருக்க மாட்டான். கூழ் ஊற்றும் வீடு அங்கே நிறைய உண்டு.

கேள்வி: டெலிகிராமில் ஒரு சாயா ‘டூடி’க்குத் தலை எண் கொடுக்கிறார். என் நண்பனுக்குத் தொடர்ந்து மூன்று தடவை அச்சாக விழுந்தது. நான்காவது எண்ணுக்குப் பணம் கட்டச் சொல்கிறார். நானும் சேர்ந்து கட்டலாமா? — தம்பி, தாம்வே

பதில்: வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தாய்லாந்து பங்குச் சந்தைக் கணக்கிலிருந்து இரண்டு இலக்கத்தை எடுத்துக்கொண்டு மத்தியானம் ஒன்று, சாயந்தரம் ஒன்று என்று இங்கே சந்துக்குச் சந்து ஆடும் சூதாட்டம்தான் டூடி. சட்டப்படி குற்றம். சாயா என்றால் இங்கே வாத்தியார், வைத்தியர், மந்திரக்காரர் எல்லோரும்.

தம்பி, ஒரு தாளும் பேனாவும் எடு. உன் சாயாவிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று வை. நூறு பேருக்கு ‘தலை 0’ என்று அனுப்புகிறார், இன்னொரு நூறு பேருக்கு ‘தலை 1’, இப்படியே 9 வரைக்கும். எந்த எண் விழுந்தாலும் நூறு பேருக்குச் சரியாக வந்திருக்கும். மீதி 900 பேரை அவர் பிளாக் பண்ணிவிடுவார். அந்த நூறு பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து மறுபடியும் அனுப்பினால், இரண்டாம் தடவையும் சரியாகக் கிடைத்தவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு எண் அனுப்பினால் மூன்றாம் தடவை ஒருவன் மிஞ்சுவான். அவன்தான் உன் நண்பன். அவன் பொய் சொல்லவில்லை. அவன் போனில் மூன்றும் சரியாகத்தான் இருக்கிறது. மற்ற 999 பேரின் போனை அவன் பார்க்கவில்லை, பார்க்கவும் வழியில்லை.

இனி அவன் சத்தியம் பண்ணி உன்னை மாதிரி நாலு பேரைக் கூட்டி வருவான். சாயாவுக்குச் சம்பளமில்லாத ஏஜென்ட். இன்னொன்றும் யோசி: இரண்டு இலக்கத்தில் இருப்பது நூறு எண், விழுந்தால் கொடுப்பது எண்பது மடங்கு சொச்சம். ஒருவருமே ஏமாற்றாவிட்டாலும் கணக்கு உனக்கு எதிராகத்தான் ஓடுகிறது. கட்டாதே.

கேள்வி: ஜோசியம், ராசி எண் பார்ப்பதெல்லாம் அவரவர் சொந்த விஷயம். அதனால் அடுத்தவருக்கு என்ன கெடுதல் என்று நீங்கள் குறை சொல்கிறீர்கள்? — ஓய்வுபெற்ற ஆசிரியை, மோல்மேன்

பதில்: டீச்சரம்மா, உங்களுக்கு 1987 மறந்திருக்காது. சின்னவர்களுக்காகச் சொல்கிறேன்.

1985 நவம்பரில் 20, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கொஞ்சமாவது மாற்றிக்கொள்ள அப்போது வழி இருந்தது. பிறகு 75 கியாட் என்று யாரும் கேள்விப்படாத ஒரு நோட்டு வந்தது. அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஜெனரல் நே வின்னுக்கு வயது 75 ஆகியிருந்தது. அடுத்த வருஷம் 15, 35 நோட்டுகள். அவற்றை எண்ணிப் பழகுவதற்குள், 1987 செப்டம்பர் 5ஆம் தேதி, 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இம்முறை மாற்றித் தருவது என்ற பேச்சே கிடையாது. அதே மாதம் புது நோட்டு வந்தது: 45, 90. இரண்டையும் ஒன்பதால் வகுக்கலாம், இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது. ஜெனரலுக்கு ராசியான எண் ஒன்பது என்பது ஊரறிந்த பேச்சு. அரசாங்கம் சொன்ன காரணம் என்னவோ கள்ளச் சந்தையை ஒழிப்பது.

அன்று எங்கள் கல்லாவில் இருந்ததில் பெரும்பகுதி 75 நோட்டு. புத்தம் புதிதாக, மடிப்புக்கூட விழாமல் இருந்தது. என் மனைவி அதை எரிக்கவும் விடவில்லை, எறியவும் விடவில்லை. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தக அட்டைக்குள் செருகிக் கொடுத்தாள். எங்களுக்கு மறுநாள் டீ விற்றால் காசு வரும். நெல் விற்ற பணத்தைக் கல்யாணத்துக்கென்று பெட்டியில் வைத்திருந்த கிராமத்து ஜனங்களுக்கு என்ன வரும்? அவர்களுக்கு ஏது வங்கிக் கணக்கு? புது நோட்டு வந்த பிறகும் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு நிம்மதி இல்லை. நான்கு பேர் சாப்பிட்டு 45, 90 என்று நீட்டினால் மீதி கொடுப்பதற்குள் வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

1970 டிசம்பரில் ஒரே நாளில் இடது பக்கம் ஓடிய வண்டியையெல்லாம் வலது பக்கம் ஜெனரல் மாற்றினாரே, அதுவும் ஜோசியர் சொல்லித்தான் என்று இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. ஜோசியரோ இல்லையோ, பழைய பஸ்களில் கதவு தப்பான பக்கம் மாட்டிக்கொண்டது நிஜம். அதற்கப்புறம் பல வருஷம் நாம் நடுரோட்டில்தான் இறங்கினோம்.

நான் யோசிப்பது இன்னொரு பக்கம். மேலே இருப்பவருக்கு எண்ணில் நம்பிக்கை என்பது டீ குடிக்க வருகிற எனக்குத் தெரிந்த கூட்டத்துக்கே தெரியும் என்றால், அவரைச் சுற்றி நின்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! தனக்கு ஆக வேண்டிய காரியத்தை ஒன்பதாம் தேதி எடுத்துப் போனால் போதுமே. ராசி எண் உங்கள் வீட்டுக் கதவு நம்பரோடு நிற்கிற வரை அது உங்கள் சொந்த விஷயம்தான், டீச்சரம்மா. கையெழுத்துப் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவரின் ராசி எண் எங்கள் எல்லோருடைய விஷயமும்.

கேள்வி: பச்சை குத்திக்கொண்டால் குண்டு துளைக்காது என்று நம்பிச் சாயா சான் பின்னால் போனவர்கள் முட்டாள்கள்தானே? — கல்லூரி மாணவி, ரங்கூன்

பதில்: அவசரப்படாதே அம்மா. 1930 டிசம்பரில் தாராவடியில் வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்துச் சாயா சான் நடத்திய விவசாயிகள் கலகம் மூண்டபோது நெல் விலை விழுந்து கிடந்தது. தலைவரி மட்டும் விழவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. யார் கைக்கு என்பதை நாம் சொல்லாமல் யார் சொல்வது? கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் இருந்தது. 1938-இல் அது 25 பங்கு. வட்டிக்குக் கொடுத்தவர் நிலம் வேண்டும் என்று ஆசைப்பட்டாரா, பணம் வராததால் நிலத்தை எடுத்துக்கொண்டாரா என்று நம் ஆட்கள் இன்றும் வாதாடுவார்கள். உழுதவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படிப்பட்டவனிடம் ஒரு நாட்டு வைத்தியர் வந்து, பழைய ராஜாக்கள் காலம் திரும்பும், கருடனைப் பச்சை குத்திக்கொள், மந்திரித்த கயிறு கட்டிக்கொள், துப்பாக்கி வேலை செய்யாது என்கிறார். பசி நிஜம், வரி நிஜம், கோபம் நிஜம். கயிறு மட்டும் பொய். ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். சாயா சானை 1931 நவம்பரில் தூக்கில் போட்டார்கள். அவருக்காக வாதாடிய வக்கீல்தான் பின்னாளில் பிரதமரான டாக்டர் பா மோ.

சாயா சான் தன் கயிற்றைத் தானே நம்பினாரா என்று என்னைக் கேட்காதே. நம்பியிருக்கலாம். எல்லா இடத்திலும் ஒரு எத்தன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் வெள்ளைக்காரத் துரைமார்களை மறந்துவிடாதே. ‘பர்மாக்காரன் மூடநம்பிக்கை பிடித்தவன், அதனால்தான் கலகம்’ என்று அவர்களும் ஒன்றை உறுதியாக நம்பினார்கள், அறிக்கையிலும் அதையே பெரிதாக எழுதினார்கள். கயிற்றைப் பார்த்த கண்ணுக்கு வரி ரசீது தெரியவில்லை. அந்த நம்பிக்கை யாருக்கு வசதியாக இருந்தது என்பதை உன் பேராசிரியரிடம் கேள்.

கேள்வி: நான் பொறியாளன். சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை இல்லை. எனக்கு இந்தப் பயமெல்லாம் தேவையில்லைதானே? — பர்மாத் தமிழன், சிங்கப்பூர்

பதில்: உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் கதை சொல்கிறேன். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயல் படித்த டாக்டர். காலணிச் சேற்றைப் பார்த்து ஆள் எந்த ஊர் என்று சொல்லும் துப்பறிவாளனை எழுதியவர். ஆனால் செத்தவர்களோடு பேசலாம், கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டு என்று உறுதியாக நம்பினார். 1917-இல் இங்கிலாந்தில் கோட்டிங்லி என்ற ஊரில் 16 வயது எல்சியும் 9 வயது பிரான்சிஸும் ஓடைக்கரையில் தேவதைகளோடு இருப்பது மாதிரி படம் எடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து அந்தப் படங்கள் டாயல் கைக்குப் போயின. அவர் நம்பியதோடு நிற்காமல், 1920 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பத்திரிகையில் கட்டுரையே எழுதிவிட்டார்.

1983-இல், கிழவிகளான பிறகு, இரண்டு பேரும் உண்மையைச் சொன்னார்கள். புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து வரைந்து, அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியது. அவ்வளவுதான் தேவதை. இத்தனை பெரிய மனிதர் நம்பிவிட்ட பிறகு எப்படி வாயைத் திறப்பது என்றுதான் சும்மா இருந்துவிட்டார்களாம். இதில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அந்தப் பிள்ளைகள் அவரை ஏமாற்றக் கிளம்பவே இல்லை, வீட்டில் பெரியவர்களிடம் விளையாடினார்கள். மீதி வேலையை டாயலின் நம்பிக்கை தானாகவே செய்துகொண்டது. படத்தில் தேவதைகளின் தலைமுடி அந்தக் காலத்துப் பாரிஸ் மோஸ்தரில் இருக்கிறதே என்று அப்போதே கேலி பேசினார்கள். ஹோம்ஸ் பார்த்திருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பான்.

சாமி பூதத்தை விடுங்கள். ‘அவர்கள் நம்மை அழிக்கப் பார்க்கிறார்கள்’ என்பதும் நம்பிக்கைதான், அதற்குப் பொறியாளர்களும் விலக்கில்லை. 2017 செப்டம்பரில் நீங்கள் இங்கே இருந்தீர்களா தெரியாது. ஒரு நாள் எங்கள் கடையில் முன் மேசையில் இருந்த பர்மாக்காரப் பையன் போனை நீட்டினான்: வருகிற 11ஆம் தேதி முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள், ஜாக்கிரதை, பத்துப் பேருக்கு அனுப்பு. பின் மேசையில் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒரு பாய், மளிகைக்காரர். பத்து நிமிஷம் கழித்து அவரும் போனை நீட்டினார்: வருகிற 11ஆம் தேதி பௌத்தர்கள் தாக்கப் போகிறார்கள், ஜாக்கிரதை. தேதியும் ஒன்று, எச்சரிக்கையும் ஒன்று. பெயர் மட்டும் இடம் மாறியிருந்தது. இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டு, எதிர்மேசையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். பேஸ்புக் மெஸஞ்சரில் நாடு முழுக்க அப்படித்தான் சுற்றியது. அடுத்த வருஷம் ஏப்ரலில் இங்குள்ள பொதுநல அமைப்புகள் மார்க் ஸக்கர்பெர்க்குக்கே திறந்த கடிதம் எழுதி, இதைக் கண்டுபிடித்தது உங்கள் கம்ப்யூட்டர் அல்ல, நாங்கள்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் அனுப்பிய கை யாருடையது என்பதை வெளிநாட்டுப் பத்திரிகை 2018-இல் எழுதியிருக்கிறது. நான் இந்த ஊரில் டீக்கடை வைத்திருப்பவன். நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தியை எழுதியவன் யாருக்கும் புதுப் பயம் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. எந்த மேசையில் எந்தப் பயம் உட்கார்ந்திருக்கிறது என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கேள்வி: உண்மையாக நம்பிச் சொல்கிறவரையும் ஏமாற்றுகிறவரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? — வாசகர், தட்டோன்

பதில்: ‘நாளைக்கு வாருங்கள், என் மச்சானைக் கலந்துகொண்டு சொல்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான ஆள் நாளைக்கு வருவார். மற்றவருக்கு நல்ல நேரம் இன்றைக்கே முடிந்துவிடும், மச்சானுக்குத் தெரிந்தால் பலிக்காது, கேட்பதே தோஷம். மச்சான் இல்லாதவர்கள் யாரையாவது மச்சானாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பி டிப்ளமோ முடித்தவன். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரிதான், சாப்பாடு தங்குமிடம் இலவசம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். டிக்கெட்டும் அவரே போடுகிறார். ‘நம் குடும்பத்தில் அக்கரைக்குப் போனவர்கள்தான் முன்னேறினார்கள்’ என்று தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான். உங்கள் பக்கத்து ஊர் என்பதால் கேட்கிறேன். — ஓர் அக்கா, புதுக்கோட்டை

பதில்: அம்மா, கடிதம் கிடைத்ததும் பத்திரிகை ஆபீஸ் மூலம் உங்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். இது மற்றவர்களுக்காகவும்.

தாய்லாந்தில் மே சோட் என்று ஓர் ஊர். அதை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு இந்தக் கரையில் எங்கள் நாட்டின் மியாவதி. அங்கே சுவர் கட்டி, முள்வேலி போட்டு, உள்ளே ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து ஆன்லைன் மோசடி நடத்துகிறார்கள். ‘பாங்காக்கில் வேலை’ என்று கூட்டி வந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடத்திவிடுவார்கள். பாஸ்போர்ட் முதலில் போகும். 2022-இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் அங்கே மாட்டி, அடி உதை வாங்கி, தூதரகம் தலையிட்டுச் சென்னை திரும்பினார்கள். எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள், அக்கரைக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கையில் தப்பு கிடையாது. என் தாத்தாவே அப்படி நம்பித்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். ஏஜென்ட் உங்கள் தம்பியிடம் முதலில் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாரா, வேலையைப் பற்றிப் பேசினாரா என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளே அந்தப் பிள்ளைகளை வைத்து வாங்கும் வேலை என்ன தெரியுமா? அழகான பெண் படத்தைப் போட்டு, எங்கோ இருக்கும் தனியாள் ஒருவரோடு போனில் பேச வேண்டும். ஆரம்பத்தில் பணம் என்ற வார்த்தையே வரக் கூடாது. நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா, தேவாலயத்துக்கா? மனைவி எப்போது காலமானார்? பிள்ளைகள் போன் பண்ணுகிறார்களா? இதையெல்லாம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் எதை நம்பி உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் கிரிப்டோ முதலீடு மெதுவாக வெளியே வரும்.

தம்பியோடு சண்டை போடாதீர்கள், கூட உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள். ஏஜென்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா? தாய்லாந்து கம்பெனி கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தமும் வேலைக்கான விசாவும் இருக்கிறதா, அல்லது சுற்றுலாப் பயணி மாதிரி போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாரா? விமான நிலையத்திலிருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம்? மே சோட் பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். ‘ஏழெட்டு மணி நேரக் கார்ப் பயணம்’ என்று பதில் வந்தால் அது பாங்காக் இல்லை. அயலகத் தமிழர் நலத்துறைக்கும் பாங்காக் இந்தியத் தூதரகத்துக்கும் கம்பெனி பெயரை எழுதிக் கேளுங்கள். பதில் வருவதற்குள் டிக்கெட் தேதி தாண்டிப் போனால் போகட்டும், அது ஏஜென்ட் போட்ட காசுதானே.